அடைப்புக்குறிக்குள் ஐரோப்பா

ஆறுமுகசாமிக்கு எல்லாம் இருந்தது. மைசூர் ஹெப்பாளில் மாடி வீடு இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க இரண்டு வேன்கள் இருந்தன. காலையில் எழுந்ததும் முறுக்கிவிட மீசை இருந்தது. பேருக்குப் பின்னால் ஒரு நல்ல அடைப்புக்குறி மட்டும்தான் இல்லை.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்கள், அவருடைய சொந்தபந்தம் வாழும் கொள்ளேகால், அனூர் பக்கத்துக் காதுகுத்துப் பத்திரிகையைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பத்திரிகையில் காது குத்திக்கொள்ளப் போகும் குழந்தையின் பெயரை யாரும் படிப்பதில்லை. நேராகக் கடைசிப் பக்கம். அங்கேதான் ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்று போட்டு, உறவினர் பட்டியல் சாமியூர்வலம் போல வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் அடைப்புக்குறி. மனிதனின் எடை அதற்குள்தான். (துபாய்). (மின்சார வாரியம்). (முன்னாள் கவுன்சிலர்). எதுவும் அமையாதவன் குடியிருக்கும் ஊரைப் போட்டுக்கொள்வான். ஆறுமுகசாமி இதுநாள் வரை (ஹெப்பாள்) என்றுதான் வந்துகொண்டிருந்தார். அங்கே இருக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் அதே பெயர்தான்.

அவருடைய சம்பந்தி செந்தில்நாதனுக்கும் நெடுங்காலம் (ராமாபுரம்)தான். ராமாபுரத்தில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மனிதர். மஞ்சள் வாசம் அடிக்கும் சட்டை, மஞ்சள் ஏறிய நகம். அதுவரை இருவரும் சமமாக, சௌக்கியமாக இருந்தார்கள். போன வருஷம் செந்தில்நாதன் சமையல்காரரோடு போகும் சுற்றுலாக் கூட்டத்தில் சேர்ந்து ஐரோப்பா போய்விட்டு வந்தார். வந்ததும் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற ஈஃபிள் டவர் கொடுத்தார். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பீரோவில் ஒட்டிக்கொண்டார்கள்.

“பாரிஸ் எப்படிங் சம்பந்தி?” என்று அப்போது ஆறுமுகசாமி கேட்டார்.

“அருமைங். வெண்பொங்கல். முந்திரியை அள்ளிப் போட்டிருந்தான்.”

“ஈஃபிள் டவர் பாத்தீங்களா?”

“அதுக்குக் கீழ உக்காந்துதானுங் பொங்கலே சாப்பிட்டோம்.”

“சுவிட்சர்லாந்து?”

செந்தில்நாதன் முகம் வாடியது. “அங்கதான் கொஞ்சம் ஏமாத்திட்டான். ரவா உப்புமா.”

இப்படி ஒரு கண்டத்தையே டிபனாகச் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் பெயர், அதற்கப்புறம் வந்த எல்லாப் பத்திரிகைகளிலும் செந்தில்நாதன் (ஐரோப்பா) என்றுதான் அச்சானது. மொட்டையாக (ராமாபுரம்) என்று போட்ட ஒரு வீட்டின் கல்யாணத்துக்கு அவர் போகவேயில்லை.

இந்த நேரத்தில்தான் பேத்திக்குக் காது குத்து வந்தது. ஆறுமுகசாமியின் மகள் தீபாவுக்கும் செந்தில்நாதனின் மகனுக்கும் பிறந்த ஒரே குழந்தை. கார்த்திகையில் மைசூரிலேயே மண்டபம் பிடித்தாயிற்று. பத்திரிகை அடிக்கும் பொறுப்பு செந்தில்நாதனுடையது. போனில் கேட்டார்:

“உங்க பேருக்குப் பின்னால என்னங் போடறது? ஹெப்பாள்னே போட்டுறலாமுங்களா?”

அந்த ‘னே’ ஆறுமுகசாமியின் நெஞ்சில் போய்ச் செருகியது. “கொஞ்சம் பொறுங்க சம்பந்தி. நானும் ஐரோப்பா போறனுங்” என்றார். அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்வரை அவருக்கே அது தெரியாது.

“ஓ! தாராளமா போயிட்டு வாங்க. வந்த பொறவு அச்சுக்குக் குடுத்துக்கலாம். போகாம போட்டா பொய்யாயிடும் பாருங்க” என்றார் செந்தில்நாதன், பொய்யென்றால் ஒவ்வாமை உள்ளவரைப் போல.

அதே சுற்றுலா நிறுவனம், அதே சமையல்காரர். வேலைகள் மளமளவென்று நடந்தன. பாஸ்போர்ட்டில் விசாவும் ஒட்டி வந்தது. தங்கை சரசுவைத் தவிர மற்ற எல்லோரும் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சரசு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை. அவள் புருஷன் வீட்டு வாசலைத் தாண்டுவதையே வெளியூர்ப் பயணமாக நினைப்பவர். சரசுவுக்கோ கால் ஓரிடத்தில் நிற்காது. ஒரு கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு கிடைத்த ரயிலில் ஏறிவிடுவாள். தூங்குவது சத்திரம், சாப்பிடுவது கையோடு கொண்டுபோன சோறு, வழி கேட்பது யாரைப் பார்த்தாலும். மூன்று மாதம் முன்பே அண்ணனிடம் வந்து கேட்டிருந்தாள்.

“அண்ணா, என்கூட பேக்கிங்ல ஒரு பீகார்க்காரி இருக்கா. பண்டிகைக்கு ஊருக்குக் கூப்பிடறா. மைசூர்லயே ரயில் ஏறுனா தர்பங்கா. அங்கிருந்து ஜெயநகர். அங்க குட்டி ரயில் ஒண்ணு நிக்குமாம், ஏறி உக்காந்தா நேபாளம். சீதை பொறந்த ஜனக்பூர். போலாமா, ரெண்டு பேரும்?”

ஆறுமுகசாமி அன்று வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏ புள்ள, ரயில்ல போறதுக்குப் பேரு ஃபாரினா? ரயில்ல போனா அது திருப்பதி.”

விசா வந்ததைத் தொட்டுப் பார்க்க சரசு வராததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று கௌரம்மா நினைத்தாள். கௌரம்மா ஆறுமுகசாமியின் மனைவி. பொதுவாக அவள் நினைப்பது சரியாகத்தான் இருக்கும்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

மைசூரில் ஆயுத பூஜையன்று பொட்டில்லாத பொருள் எதுவும் இருக்காது. ஸ்பேனருக்குப் பொட்டு, கிரைண்டருக்குப் பொட்டு, கம்பெனிக்குள் கம்ப்யூட்டருக்கும் பொட்டு. ஆறுமுகசாமியின் இரண்டு வேன்களும் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவை போல நின்றன. சக்கரத்துக்கடியில் எலுமிச்சை வைத்தாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. கற்பூரத்தட்டோடு நின்றபோதுதான் அவருக்கு ஞானம் உதித்தது. வேன் ஓட்டுகிறவனுக்கு ஆயுதம் வேன். ஐரோப்பா போகிறவனுக்கு ஆயுதம் எது?

உள்ளே ஓடிப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து வாழையிலையில் வைத்தார். திறந்து பார்த்தால் புகைப்படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. விசாவுக்குப் படம் பிடிக்கும்போது ஸ்டுடியோக்காரர் விபூதியைத் துடைத்துவிட்டிருந்தார். பாழ் நெற்றியோடு தேசம் விட்டுத் தேசம் போவதா? குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, புகைப்பட ஆறுமுகசாமியின் நெற்றியில் பொட்டு வைத்தார். விசாத் தாளுக்கு, நல்ல காரியத்துக்கான எந்தக் காகிதத்துக்கும் செய்வதுபோல, நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். சம்பந்தி மண்டியிலிருந்து வந்த மஞ்சள். ஆயிரம் தடவை கழுவினாலும் போகாத ரகம். இரண்டையும் மூடி, மேலே ஒரு கனமான ஸ்டெப்னி ஜாக்கியை வைத்து, கற்பூரம் காட்டினார்.

மறுநாள் திறந்தால், பொட்டு நெற்றியை விட்டு இறங்கி மூக்கில் உட்கார்ந்திருந்தது.

“குடுங்க இப்படி” என்று கௌரம்மா வாங்கிப் போனாள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் சோப்பும் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். நன்றாகவே தேய்த்தாள். பொட்டு போகவில்லை, மூக்கு போய்விட்டது.

சுற்றுலா அலுவலகத்தில் இருந்த பெண் அஷ்வினி பாஸ்போர்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். “சார், ஏனு இது?”

“மஞ்சளும்மா. மங்களகரம்.”

“இது?”

“நான்தான்.”

அவள் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இதை எந்த விமான நிலையத்திலும் ஏற்க மாட்டார்கள், புதிதாக எடுக்க வேண்டும், விசாவும் முதலிலிருந்து, கூட்டம் அதற்குள் போய்த் திரும்பியே விடும் என்று மெதுவாகச் சொன்னாள். கடைசியில் ஆறுதலாக, “அடுத்த வருஷம் இதே மெனு சார்” என்றாள்.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். ஆறுமுகசாமிக்கு மேய்க்கக் கழுதையும் இல்லை. ஐரோப்பாவுக்கென்று வாங்கிய பெரிய சக்கரப் பெட்டி, பனிக்கு வாங்கிய கம்பளி உள்ளாடை, கோட்டு எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். செந்தில்நாதனிடம் சொல்ல நா எழவில்லை. சொன்னால், ‘அப்ப ஹெப்பாள்னே’ என்பார்.

அன்று சாயங்காலம் சரசு வந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏண்ணா, உனக்கு வெளிநாடுதான வேணும்? இல்ல, ஐரோப்பாவேதான் வேணுமா?”

“அடைப்புக்குறிக்குள்ள போடற மாதிரி எதாவது ஒண்ணு.”

“வோட்டர் கார்டு வச்சிருக்கியா?”

“அது எதுக்கு?”

“நேபாளத்துக்கு நமக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம்ணா. வோட்டர் கார்டு போதும். ரயில்ல உனக்கும் சேர்த்து அப்பவே டிக்கெட் போட்டு வச்சுட்டேன்.”

“நான்தான் வரலைன்னேனே?”

“உன் ஐரோப்பா மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.”

கௌரம்மா காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டே சொன்னாள்: “போங்க. வீட்டுல உக்காந்து மூக்கைத் தேடறதுக்கு அது தேவலை.”

தீபாவளி முடிந்ததும் கிளம்பினார்கள். சரசுவின் தோழி முன்னமே போய்விட்டிருந்தாள். வட்டாரத்தில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் அத்தனை பேரும் சூரியனைக் கும்பிடும் சட் பண்டிகைக்காக அதே ரயிலில் ஊருக்குப் போகிறார்கள் என்பது பெட்டிக்குள் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஆறுமுகசாமியின் இருக்கையில் ஒரு குடும்பம், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மேசை ஃபேன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன.

“இது என் சீட்டு” என்று ஆறுமுகசாமி மீசையைத் தடவினார். இந்தத் தொனியில் பேசினால் அவருடைய டிரைவர்கள் எழுந்து நிற்பார்கள்.

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அங்கிள்” என்றான் அந்தக் குடும்பத்தலைவன், அட்சர சுத்தமான கன்னடத்தில். ஆறுமுகசாமி ஓரமாக உட்கார்ந்தார். பெங்களூர் தாண்டியபோது ஓரம் பாதியானது. ஐரோப்பாவுக்கு வாங்கிய சக்கரப் பெட்டி நடைபாதையில் ஸ்டூல் ஆனது. நாக்பூர் வருவதற்குள் அதன் மேல் சீட்டாடினார்கள், வெங்காயம் நறுக்கினார்கள், ஒரு குழந்தைக்குத் தலை வாரினார்கள். கம்பளி உள்ளாடையை ஒரு கைக்குழந்தைக்கு மெத்தையாக விரித்தாள் சரசு.

“அது பனிக்கு வாங்குனது சரசு!”

“இப்ப அது நனைஞ்சாச்சுண்ணா. விடு.”

சரசுவுக்கோ பெட்டி முழுக்கச் சொந்தம். புளிச்சோற்றைக் கொடுத்து லிட்டி என்கிற சுட்ட மாவுருண்டை வாங்கினாள், முறுக்கைக் கொடுத்து மேல் படுக்கை வாங்கினாள். எங்கள் அண்ணன் பெரிய ஆள், ஐரோப்பாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் ஊருக்கு வருகிறார் என்று பேக்கிங் பிரிவு ஹிந்தியில் அவள் அறிமுகப்படுத்தியதில், ஆறுமுகசாமிக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டார். மறுக்கவில்லை.

தோழியின் வீடு ஜெயநகருக்குப் பக்கத்துக் கிராமத்தில். பண்டிகை முடியட்டும் என்று அங்கே தங்கி, பிறகு ஒருநாள் காலை அண்ணனும் தங்கையும் எல்லைக் குட்டி ரயிலுக்குப் போனார்கள். வாசலில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வோட்டர் கார்டைப் பார்த்தார். அதிலிருக்கும் படம் ஆறுமுகசாமிதான் என்பதை ஆறுமுகசாமியே சொன்னால்தான் தெரியும். இருந்தாலும் கையை அசைத்து, போங்கள் என்றார்.

ஆறுமுகசாமி போகவில்லை. “முத்திரை?” என்றார்.

“உங்களுக்கு முத்திரை கிடையாது. இந்தியர்கள் சும்மா போகலாம்” என்றார் அதிகாரி. சரசு மொழிபெயர்த்தாள்.

“சும்மா போறதுக்கா இத்தனை தூரம் வந்தேன்? நான் போனேன்னு எப்படி நம்புவாங்க? கேளு சரசு, சும்மா ஒரு குத்து குத்தினா போதும்னு கேளு.”

“எதுலண்ணா குத்தறது? பாஸ்போர்ட்டு கம்பி நார்ல போச்சு. வோட்டர் கார்டு பிளாஸ்டிக்கு.”

பின்னால் வரிசை நீண்டது. ஆடு வைத்திருந்த ஒருவர் முணுமுணுத்தார். ஆறுமுகசாமி அசையாமல் நின்றார். பக்கத்து மேசையில் மூட்டைமுடிச்சுகளைச் சோதிக்கிறவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தன்னிடமிருந்த ரப்பர் முத்திரையைத் தூக்கிக் காட்டினார். எங்கே குத்த வேண்டும் என்று கண்ணால் கேட்டார். நல்ல காரியத்துக்கு இடது கையை நீட்டும் வழக்கம் ஆறுமுகசாமி பரம்பரையில் கிடையாது. சட்டென்று வலது உள்ளங்கையை விரித்தார். டப்.

ஊதா நிறத்தில் அழகான வட்டம். நடுவில் எழுத்து.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் பெருமையாக.

சரசு எழுத்துக் கூட்டிப் படித்தாள். “மூட்டை சோதிக்கப்பட்டதுன்னு.”

“நம்ம சனத்துல யாருக்கு அதைப் படிக்கத் தெரியும்? விடு.”

ரயில் புறப்பட்டு, அதிக நேரம் ஆகாமல் ஆறுமுகசாமி வெளிநாட்டில் இருந்தார். வயல் அதே மாதிரிதான் இருந்தது. எருமை அதே மாதிரிதான் பார்த்தது. அந்த நாட்டு மணி மட்டும் நம்முடையதைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடியது. கைக்கடிகாரத்தை அவர் உடனே திருத்தி வைத்துக்கொண்டார். ஜனக்பூரில் கோவில், அரண்மனை மாதிரி வெள்ளை வெளேரென்று, கோபுரமும் மாடமுமாக நின்றது. சுற்றிலும் குளம் குளமாக இருந்தது. ஒரு படிக்கட்டில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து மீதிப் புளிச்சோற்றைப் பிரித்தார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பிட்டால் கையைக் கழுவ வேண்டும். கழுவினால் அடைப்புக்குறி போய்விடும்.

“ஸ்பூன் வச்சிருக்கியா சரசு?”

“கட்டைப்பையில ஸ்பூன் எதுக்குண்ணா?”

இடது கையால் சாப்பிடுவது பற்றி அவர் யோசிக்கக்கூட இல்லை. சரசு அண்ணனைப் பார்த்தாள். பிறகு சோற்றை உருட்டி அவர் வாயருகே நீட்டினாள். “ஆ காட்டு. வேற என்ன பண்றது?”

திரும்பும் குட்டி ரயிலிலும் அப்படியே. கையில் ஒரு பாலித்தீன் உறை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள். எதிரில் இருந்த அம்மாள் ஒருத்தி கண்கலங்கி, பக்கவாதமா, எத்தனை நாளாக என்று விசாரித்தாள். சரசு மறுக்காமல் தலையாட்டியதில் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கிடைத்தது. அதையும் சரசுதான் உரித்து ஊட்டினாள்.

“சின்ன வயசுல நீ எனக்கு ஒரு தடவைகூட ஊட்டுனதில்லை, தெரியுமா?” என்றாள்.

“நீதான் என் தட்டுல இருந்தே எடுத்துத் தின்னுட்டு ஓடிருவியே. ஊட்டறதுக்கு எங்க நின்னே?”

மறுநாள் மதியம் தோழியின் வீட்டில் விருந்து. பண்டிகை விரதம் முடிந்து முதல் மீன். அரைத்த கடுகில் கொதித்த ரோகு, தட்டில் வந்து இறங்கியதும் அந்த வாசனை ஆறுமுகசாமியின் கண்ணைத் தாக்கி, மூக்கைத் தாக்கி, குலத்தையே தாக்கியது. வாயைத் திறந்துகொண்டு சரசு பக்கம் திரும்பினார்.

“இதை என்னால ஊட்ட முடியாதுண்ணா” என்றாள் சரசு.

“ஏன்?”

“ரோகு. ஊசி ஊசியா முள்ளு. உன் நாக்குக்குத்தான் தெரியும் எது சதை, எது முள்ளுன்னு. தொண்டையில மாட்டுச்சுன்னா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது? நீயே சாப்பிடு. இல்ல, வெறும் சோத்தை ஊட்டறேன்.”

ஆறுமுகசாமி மீனைப் பார்த்தார். பாலித்தீன் உறையைப் பார்த்தார். உள்ளே ஊதா வட்டம் மங்கலாகத் தெரிந்தது. அதற்காகத் தாங்கியது கொஞ்சமா? பக்கத்தில் தோழியின் மாமியார் செம்பில் தண்ணீரோடு, கை அலம்பிவிட, குனிந்து காத்திருந்தாள். மீன் ஆவி விட்டது. வீட்டில் எல்லோரும் தட்டில் கை வைக்காமல் விருந்தாளிக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பூனையும் காத்திருந்தது.

ரப்பர் பேண்டைக் கழற்றினார். செம்புத் தண்ணீர் பாதியைக் கொண்டுபோனது. மீதியைக் கடுகுக் குழம்பு முடித்துவைத்தது. நக்கியதில் மிச்சமும் போயிற்று.

சற்று நேரம் கழித்து, தலையைத் தூக்காமல் சொன்னார்: “சரசு, அந்த வால் பக்கத்துத் துண்டு இன்னொண்ணு இருக்குதான்னு கேளு.”

மைசூர் வந்து இறங்கியதும் நேராகச் சம்பந்தியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, ஹெப்பாளோ நேபாளமோ, எதையோ போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடத்தான் இருந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது கௌரம்மா பத்திரிகைக் கட்டை நீட்டினாள். அச்சாகியே வந்துவிட்டது. நாள் நெருங்கிவிட்டது, நீங்கள் கிளம்பிய சேதி கேட்டதுமே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் என்று செந்தில்நாதன் சொல்லி அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கம். முதல் வரி. தங்க எழுத்து.

ஆறுமுகசாமி (ஐரோப்பா).

“ஐயோ, நான் அங்க போகலையே” என்றார்.

“கிளம்பிட்டாரான்னுதான் கேட்டாங்க, ஆமான்னேன். எங்கன்னு கேக்கல, நானும் சொல்லல” என்றாள் கௌரம்மா. “ஊர் பூராக் குடுத்தாச்சு. விசேஷம் முடியற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க, போதும்.”

இத்தனை நாள் ஏங்கிய அடைப்புக்குறி. தடவிப் பார்த்தார். எழுத்து மேடாக, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டது போலக் கழுத்தருகே எங்கோ அரித்தது.

மண்டபத்தில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி, குழந்தை வீறிட்டு, எல்லோரும் சமாதானமாகி, பந்திக்குக் காத்திருந்த நேரம். முன்வரிசை நாற்காலியில் இரண்டு ஐரோப்பாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. சுற்றிலும் ராமாபுரம், மார்டள்ளி ஆட்கள். கௌரம்மா எதிரில் உட்கார்ந்து கண்ணாலேயே அவர் வாயைத் தைத்திருந்தாள். பக்கத்தில் சரசு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங் சம்பந்தி” என்றார் செந்தில்நாதன், நாலு பேர் கேட்கும்படி. “எல்லையில முத்திரை குத்துனானா?”

“இல்லீங். கேட்டும் அதிகாரி குத்தல.”

“அதேதான்!” செந்தில்நாதன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தீங்களா, போனவனுக்குத்தான் தெரியும். அங்க ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்குப் போனா முத்திரையே கிடையாது. நான் பஸ்ல தூங்கிட்டே நாலு நாடு தாண்டிட்டேன்.”

“கடிகாரத்தைக் கால் மணி தள்ளி வச்சமுங்” என்றார் ஆறுமுகசாமி. பொய் சொல்லவில்லை.

“அங்க மணி முன்னப்பின்னத்தான் இருக்கும். எனக்கு டிபன் மணிதான் ஞாபகம். அப்புறம்?”

“வெள்ளையா, அரண்மனை மாதிரி ஒரு கட்டடமுங். கோபுரம் கோபுரமா…”

“பாத்தோம் பாத்தோம்! வலது பக்கம் பாருங்கன்னான். நான் இடது பக்கம் உக்காந்திருந்தேன். அதேதான்.”

“சுத்தியும் குளம். அதுல எருமை…”

“சுவிட்சர்லாந்து! மாட்டுக்குப் பேர்போன ஊரு.”

ஆறுமுகசாமிக்குக் காது சூடேறியது. அவர் பட்ட பாடு என்ன, ஓரத்தில் உட்கார்ந்த உட்கார்வு என்ன. ஒவ்வொன்றையும் இந்த மனிதர் பஸ் ஜன்னல் வழியாகவே விழுங்கிக்கொண்டிருக்கிறார். சீதை பிறந்த ஊரையே உப்புமா போட்ட ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

“மீன் சாப்பிட்டனுங்” என்றார், குரல் கொஞ்சம் உயர்ந்தே. “கடுகு அரைச்சுவிட்ட குழம்பு. ரோகு. வால் துண்டு.”

செந்தில்நாதன் முதல் முறையாக வாயை மூடினார். பிறகு, “மீனா?” என்றார். “எங்களுக்கு மீனே போடலீங்களே! எந்த ஊருங் அது?”

கௌரம்மா இருமினாள். சரசு வெற்றிலையை மடியில் வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார்.

“ஜனக்பூருங்! ஐரோப்பாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாஸ்போர்ட்டுக்குப் பொட்டு வச்சேன், மூக்கு போயிருச்சு. ஐரோப்பாவை நான் கண்ணால பாக்கல. ரயில்ல போனேன், நடைபாதையில உக்காந்து போனேன். இதோ, என் தங்கச்சிதான் கூட்டிட்டுப் போனா. பத்திரிகையில போட்டிருக்கறது பொய்யிங். கோடு போட்டு அடிச்சுருங்க!”

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். மார்டள்ளிப் பெரியவர் ஒருவர் பத்திரிகையைப் பையிலிருந்து எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கண்ணருகே கொண்டுபோனார். கௌரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செந்தில்நாதன் முகம் சிவந்தது. வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தார். அச்சகத்துக்குத்தான் என்று ஆறுமுகசாமி நினைத்தார். போகட்டும், ஹெப்பாள்னே இருந்துவிட்டுப் போகட்டும் என்று உட்கார்ந்தார். ஆச்சரியம், அரிப்பு நின்றிருந்தது.

“ஏம்மா, டூர் கம்பெனிதான?” என்று அதட்டினார் செந்தில்நாதன். “போன வருஷம் உங்ககூட வந்தவன் பேசறேன். செந்தில்நாதன், ராமாபுரம். ஆமா, உப்புமாவுக்குச் சண்டை போட்டேனே, அதே ஆள்தான். என்ன ஐரோப்பா காட்டுனீங்க நீங்க? ஒரு மீன் உண்டா? ஒரு எருமையைக் கிட்டத்துல காட்டுனீங்களா? என் சம்பந்தி அத்தனையும் பாத்துட்டு வந்திருக்காரு! ஜனக்பூருக்கு எங்களை ஏன் கூட்டிட்டுப் போகல? ஆங்? ஜனக்பூர், ஜனக்பூர்!”

அந்தப் பக்கம் எதையோ தேடுவது போலிருந்தது. செந்தில்நாதன் கையால் போனைப் பொத்திக்கொண்டு, சரசு பக்கம் குனிந்தார். குரல் அடங்கி, பவ்யமாகவே வந்தது.

“அம்மிணி, மேப்புல கிடைக்கலையாமா. ஐரோப்பாவுல எந்தப் பக்கம்னு கேக்கறாங்க.”

சரசு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

“கிழக்குப் பக்கமுங்க” என்றாள். “ரொம்பக் கிழக்கு.”